ஓடாதவர்க்கும் களத்தில் இடமுண்டு

விளையாட்டு உடல்வலிமை உடையோர்க்கே உரியது என்றெண்ணி ஒதுங்கி நிற்போர் நம் குடும்பங்களில் பலர். பள்ளிப் பந்தயத்தில் கடைசியாய் வந்தவர்க்கும், படியேற இயலாத பாட்டிக்கும் களத்தில் இடமுண்டா? உண்டு என்பதற்கு மதுரைக்கு அருகிலேயே சான்று காண்கிறோம்.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணி இளவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர். அவரையும் தங்கையையும் கூலிவேலை செய்து வளர்த்தவர் பாட்டி. பெண்களை வேலைக்கு அனுப்பு என உறவினர் வற்புறுத்தியும் மறுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். பயிற்சியாளர் கண்ணன் வந்து கேட்டபோது முதலில் தயங்கினாலும், பின்னர் இசைந்தார். காலணி வாங்க வசதியின்றி வெறுங்காலோடு ஓடிய அப்பெண், 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். ஆடவர் இருவர், மகளிர் இருவர், ஆளுக்கு 400 மீட்டர். அந்நால்வருள் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழகத்தார்.

அணி இறுதிச்சுற்றை எட்டவில்லை. எனினும் சக்கிமங்கலத்தின் பெருமை குறைந்ததா? வென்றவரை வாழ்த்துவது எளிது. தோற்றவரோடும் நிற்பவரே உண்மை இரசிகர். அப்பாட்டி ஒலிம்பிக் களத்தில் ஓடியவரல்லர். ஆயினும் அவரின்றி அவ்வோட்டம் இல்லை.

எனவே அன்பர்களே, ஆட்டத்தின் விதிகளைச் சிறிது கற்போம். ஒரு வீரரின் வாழ்வை அறிவோம். அறிந்தபின் ஆர்வம் தானே வளரும். மதுரை ரேஸ்கோர்ஸ் அரங்கிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். தெருவில் வெறுங்காலோடு ஓடும் சிறுமி ஒருத்தி இருப்பின், கைதட்டுவதோடு நில்லாது காலணியும் வாங்கித் தருவோம்.