மில்டன் பெர்ல்: வாடெவில் மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு

அரங்கிற்காக அமைந்த ஒரு கலைவடிவம் வேறொரு கருவியின் வழியாக மக்களை அடையும்போது அதன் இயல்பு யாதாகின்றது என்னும் வினா நாடக ஆராய்ச்சியில் அடிக்கடி எழுவது. அதற்கு விடை காண விழைவார்க்கு அமெரிக்க நாட்டு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் என்பாருடைய வாழ்வு பெரிதும் துணைபுரியும். 1948-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் முதற் பெரு நடிகராக உயர்ந்த அவர், எட்டே ஆண்டுகளில் அவ்விடத்தை இழந்தார். மக்கள் அவரைக் கண்டு சலித்துவிட்டனர் என்று பொதுவாகக் கூறுவர். அக்கூற்று நிகழ்ந்ததைக் கூறுகின்றதேயன்றி நிகழ்ந்ததற்குரிய காரணத்தைக் கூறவில்லை. அவரை உயர்த்தியது எதுவோ அதுவே அவரை வீழ்த்தியது என்பது நம் கருத்து. அதனைத் தெளிவுபடுத்த வேண்டுமாயின், அவர் பயின்ற அரங்கின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

வாடெவில் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் ஓங்கி வளர்ந்த பல்சுவை அரங்கு. தொடர்ந்து செல்லும் கதை அதில் இல்லை. பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, மாயவித்தை, விலங்கு வேடிக்கை, நகைச்சுவை உரையாடல் என ஒன்றற்கொன்று தொடர்பில்லாத எட்டு அல்லது ஒன்பது உருப்படிகள் அடுத்தடுத்து நிகழும். அவற்றை வரிசைப்படுத்துவதிலும் ஒரு முறை இருந்தது. காண்போர் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் வேளையாதலின் முதல் உருப்படி பெரும்பாலும் பேச்சற்றதாக இருக்கும். புகழ் மிக்கவர் இறுதிக்கு முந்திய இடத்தில் தோன்றுவர். பின்னே பொருள்களை மாற்றி அமைக்கும் போதெல்லாம் எழினியின் முன்னே ஒருவர் நின்று பேசியோ பாடியோ அவ்விடைவெளியை நிரப்புவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் எழினி வகைகளைப் பயின்றோர்க்கு, எழினி என்பது வெறும் மறைப்பு அன்று, அரங்கின் ஓர் உறுப்பு என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நகரந்தோறும் இருந்த அரங்குகள் ஒரு நிறுவனத்தின் கீழ்த் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. நடிகர் ஓர் ஊரில் ஒரு வாரம் நடித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வர். ஆதலின் பதினைந்து நிமிட உருப்படி ஒன்றைச் செவ்விதின் அமைத்துக்கொண்டவர், அதனையே ஆண்டுக்கணக்கில் நடித்து வாழ முடிந்தது. நாள்தோறும் கேட்போர் முகம் நோக்கி, சிரிப்பு எழாத சொல்லைக் களைந்து, எழுந்த சொல்லைப் போற்றி, அவ்வுருப்படி மெல்ல மெல்ல மெருகேறும். ஊர் மாறினும் கேட்போர் இயல்பு பெரிதும் மாறுவதில்லை; அவர் நகர மக்கள், விரைந்து பேசுவதையும் ஒருவரை ஒருவர் எள்ளுவதையும் விரும்பியவர். ஊருக்கு ஊர் செல்லும் உருப்படி, நகரச் சுவையுடைய அவையோர் என்னும் இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

பெர்ல் 1908 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் எளிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மெண்டல் பெர்லிங்கர். தந்தையின் வருவாய் போதாமையால் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அன்னை சாராவின்மேல் விழுந்தது. சிறு வயதிலேயே சாப்ளின் வேடம் புனைந்து பரிசு பெற்ற மகனை அவ்வம்மையார் அரங்குதோறும் அழைத்துச் சென்றார். மகன் மேடையில் இருக்கையில் அவர் அவையில் அமர்ந்து உரக்கச் சிரிப்பார். அவர் சிரிப்பைக் கேட்டு அயலவரும் சிரிப்பர். இதனைத் தாயன்பு என்று மட்டும் கொள்வதற்கில்லை. அவையின் சிரிப்பு ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவுவது என்னும் தொழில் நுட்பத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகின்றோம்.

1920-இல் 'ஃபுளோரடோரா' என்னும் இசை நாடகம் மீண்டும் நடிக்கப்பெற்றபோது அவர் பிராட்வே அரங்கில் தோன்றினார். பின்னர் வாடெவிலில் படிப்படியாக உயர்ந்து, அக்கலையின் தலைமை அரங்காகிய நியூயார்க் பாலஸில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக நின்றார். பிறர் நகைத் துணுக்குகளைத் தயங்காது எடுத்தாள்பவர் என்ற பழியும் அவரை உடன் தொடர்ந்தது. அவரோ அப்பழியையே ஒரு நகைப் பொருளாக்கி மேடையிற் கூறிக்கொண்டார். ஆனால் அவர் உயர்ந்த காலம் அக்கலை தாழ்ந்த காலம். பேசும் படமும் வானொலியும் மக்களை ஈர்த்துக்கொள்ள, 1913-இல் திறக்கப்பெற்ற அப்பாலஸ் அரங்கு 1932-இல் தனி வாடெவில் காட்சிகளைக் கைவிட்டது. அப்போது பெர்லுக்கு வயது இருபத்து நான்கு.

அடுத்த பதினாறு ஆண்டுகளும் அவர் இரவு விடுதிகளிலும், 1943-இல் நிகழ்ந்த ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ் போன்ற பல்சுவைக் காட்சிகளிலும் நடித்தார். வானொலியில் பலமுறை முயன்றும் பெரும்புகழ் எய்தவில்லை. அவர் நகைச்சுவை கண்ணுக்குரியது. முகத்தை நெளிப்பது, பெண்ணுடை உடுத்து வருவது, இடறி விழுவது, முகத்தில் மாவு அப்பப்படுவது முதலியன காதுக்குப் பயன்படா. அவரைப் போன்றே வாடெவிலில் வளர்ந்த ஜாக் பென்னி என்பாரோ கஞ்சத்தனம் உடைய ஒரு பாத்திரத்தைக் குரலினாலேயே படைத்து வானொலியில் நிலைபெற்றார். ஒருவர் தம் உருப்படியை நம்பினார். மற்றவர் தம் பாத்திரத்தை நம்பினார்.

1948 ஜூன் 8 அன்று என்.பி.சி. நிறுவனம் 'டெக்சாகோ ஸ்டார் தியேட்டர்' என்னும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் நாள் பெர்ல் தொகுத்து வழங்கினார். வேறு சிலரும் மாறி மாறி வழங்கிய பின்னர் செப்டம்பர் முதல் அவரே நிலையாக அமர்த்தப்பட்டார். செவ்வாய்தோறும் இரவு எட்டு மணிக்கு, பெட்ரோல் நிலையப் பணியாளர் உடையில் நால்வர் பாடி முடிக்க, விந்தையான கோலம் ஒன்றில் பெர்ல் வெளிப்படுவார். தொடர்ந்து வித்தைக்காரரும் பாடகரும் ஆடுநரும் வருவர். அவையோர் நேரில் அமர்ந்திருக்க, எல்லாம் அந்த நொடியிலேயே ஒளிபரப்பாகும். பதினாறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பாலஸ் அரங்கையே அவர் ஒளிபரப்புக் கூடத்திற் கட்டினார் என்று கூறுதல் மிகையன்று. அக்காலத்துத் தொலைக்காட்சித் திரை சிறியது, உருவமும் தெளிவற்றது. நுண்ணிய மெய்ப்பாடு அதிற் புலப்படாது. பெர்லுடைய மிகை நடிப்போ புலப்பட்டது.

1949 மே 16 நாளிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் அவர் படத்தை மேலட்டையில் தாங்கின. அதற்கு முந்திய மாதத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக அவர் பதினாறு மணி நேரம் ஒளிபரப்பில் நின்று பத்து இலட்சம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டினார். 1950–51 பருவத்தில் நீல்சன் நிறுவனக் கணக்கின்படி தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளில் நூற்றுக்கு 61.6 பங்கு அவர் நிகழ்ச்சியைக் கண்டது. சிறுவர்க்கு அவர் 'மில்டி மாமா' ஆனார். 1951-இல் என்.பி.சி. அவரோடு முப்பது ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அப்பெட்டிகள் எங்கே இருந்தன என்று வினவுதல் வேண்டும். 1948 செப்டம்பரில் அமெரிக்க நடுவணரசின் தகவல் தொடர்பு ஆணையம் புதிய தொலைக்காட்சி நிலையங்கட்கு உரிமம் வழங்குவதை நிறுத்திவைத்தது. அத்தடை 1952 ஏப்ரல் வரை நீடித்தது. அதனால் அந்நாளில் தொலைக்காட்சி, கிழக்கிலும் நடுமேற்கிலும் உள்ள பெருநகரங்களிலேயே செறிந்திருந்தது. 1950-இல் நாட்டின் வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதே பெட்டி உடையவை. அவற்றில் வாழ்ந்தவர் யாவர்? பெரும்பாலும் பழைய வாடெவில் அவையோரும் அவர்தம் மக்களுமே. மறைந்துபோன அவை, தன் அரங்கு வீட்டிற்கு வரக் கண்டு மகிழ்ந்தது.

தடை நீங்கியபின் சிற்றூர்களிலும் தென்பகுதியிலும் நிலையங்கள் எழுந்தன. 1955-இல் பெட்டி உடைய வீடுகள் நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கினைக் கடந்தன. புதியோர்க்கு நியூயார்க் நகரத்தின் விரைந்த பேச்சும் பெண்வேடக் கூத்தும் உவப்பாயில்லை. மற்றொரு கேடு உள்ளிருந்தே வந்தது. வாடெவிலில் அவை புதிது, உருப்படி பழையது; தொலைக்காட்சியிலோ அவை பழையது, உருப்படி வாரந்தோறும் புதியதாதல் வேண்டும். ஓராண்டு ஊர்சுற்றுதற்குப் போதிய சரக்கு ஓர் இரவில் தீர்ந்தது.

இதனை உணர்ந்தே 1952-இல் குட்மன் ஏஸ் என்னும் எழுத்தாளரைத் தலைமையாக அமர்த்தி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தப் பாடுபடும் ஒருவராகப் பெர்லையே ஒரு கதைப் பாத்திரமாக்க முயன்றனர். திறனாய்வாளர் சிலர் பாராட்டினர். எனினும் தரவரிசை மீளவில்லை. 1953-இல் டெக்சாகோ விலகப் பியூக் நிறுவனம் விளம்பரதாரராயிற்று; 1955-இல் அதுவும் விலகியது. அவ்வாண்டு முதல் அதே செவ்வாய் இரவில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபில் சில்வர்ஸ் என்பாருடைய படைவீரர் நகைச்சுவைத் தொடரை நிறுத்தி அவரை வென்றது. சில்வர்ஸும் வாடெவிலில் வளர்ந்தவரே. எனவே தோற்றவர் வாடெவில் நடிகர் அல்லர், வாடெவில் வடிவமே எனல் பொருந்தும். சில்வர்ஸ் கதையொன்றினுள் பில்கோ என்னும் நிலையான பாத்திரமாக நின்றார். 1951 முதல் லூசில் பால் 'ஐ லவ் லூசி'யில் நாட்டிய வழியும் அதுவே. பாத்திரம் வாரந்தோறும் புதுச்சூழலில் நகை விளைக்கும். தனித் துணுக்கு ஒருமுறையே விளைக்கும்.

1956 ஜூன் 5 அன்று எல்விஸ் பிரெஸ்லி கிட்டார் இன்றி இடுப்பை அசைத்துப் பாடி நாட்டைக் கலக்கியது பெர்லுடைய மேடையில்தான். அம்மாதத்திலேயே அந்நிகழ்ச்சி நின்றது. 1960-இல் பந்து உருட்டும் போட்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கினார். 1965-இல் ஆண்டு ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, பிற நிறுவனங்களில் நடிக்கும் உரிமை பெற்றார், 1966-இல் ஏ.பி.சி.யில் தொடங்கிய பல்சுவை நிகழ்ச்சி சில மாதங்களே நிலைத்தது. படங்களிலும் தொடர்களிலும் துணைப் பாத்திரமாக வந்தபோது அவர் நடிப்பு செம்மையாகவே இருந்தது. 1979-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோதோ, இளையோர் நடிப்பினிடையே தம் பழைய முகச்சேட்டைகளைப் புகுத்தினார். அந்நிகழ்ச்சியை அதன் அமைப்பாளர் நெடுங்காலம் மறுஒளிபரப்புச் செய்யவில்லை. 1984-இல் தொலைக்காட்சிக் கழகம் தன் புகழ்மன்றத்தின் முதற் குழுவில் அவரைச் சேர்த்தது. 2002 மார்ச் 27 அன்று தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.

அவருடைய செவ்வாய் நிகழ்ச்சிகளுட் சில, ஒளித்திரையைப் படக்கருவியால் பிடித்த கினெஸ்கோப் சுருள்களாக எஞ்சியுள்ளன. பேசிய சொற்களை மட்டும் எழுத்திற் படிப்பார்க்கு அவற்றில் நகை தோன்றாது. சுருள்களைக் காண்பார், சொல்லுக்கு முன்னும் பின்னும் அவர் அவையை நோக்கிக் காத்துநிற்கும் நிலையைக் கண்டறிவர்.