சாயமில்லை, புகை

புறநானூற்றின் 256ஆம் பாடலை உயர்தர மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணவனை இழந்த பெண்ணொருத்தி, அவனுக்கான ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி குயவரிடம் வேண்டும் பாடல் அது.

ஈமத்தாழிகள் நமது நாட்டிலும் உண்டு. புத்தளம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் பொம்பரிப்பில் 1924 முதல் நடந்த அகழ்வுகளில் எலும்புகளோடு பெருந்தாழிகள் கிடைத்தன. கூடவே கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. வகுப்பில் படத்தைக் காட்டி, "ரெண்டு சாயம் பூசியிருக்கிறாங்க" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "சேர், அது சாயமில்ல. புகைதான்."

அவளுடைய அம்மப்பா சட்டி பானை செய்பவராம். அன்றுதான் அவள் அதை வகுப்பில் சொன்னாள். நான் வீடு போய்த் தேடிப் படித்தேன். அவள் சொன்னதே சரி.

பச்சைப் பாண்டத்தை முதலில் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் சூட்டில் அது நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைக்கும். பிறகு விறகு, வைக்கோல், பொச்சு எனக் கிடைப்பதைக் கொண்டு அடுக்கி, மேலே வைக்கோல் மூடி, சேறு பூசித் தீ மூட்டுவார்கள். தீ மெல்லத்தான் ஏற வேண்டும். ஏறத்தாழ 600 பாகை செல்சியசைத் தாண்டும்போது களியோடு பிணைந்திருந்த நீரும் போய்விடும். அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மறுபடி களியாகாது.

நிறத்தைத் தீர்மானிப்பது காற்று. களியில் இரும்பு இருக்கிறது. காற்றுப் படும் இடத்தில் அது சிவக்கும். காற்றுப் படாமல் புகை சூழ்ந்த இடத்தில் கரி ஏறிக் கறுக்கும். பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வாயும் உள்ளும் கறுத்தன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். ஒரே களி, ஒரே நெருப்பு, இரண்டு நிறம்!

அடுத்த நாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு, அந்த மாணவியையே முன்னால் வந்து விளக்கச் சொன்னேன். தயங்கித்தான் வந்தாள். அந்தப் பழம்பாடல் குயவரைக் 'கோ' என்று அழைக்கிறது. நம் ஊர்களில் அவர்களை எப்படி அழைக்கிறோம் என்பதை நாம் யோசிக்க வேண்டும். சூளையின் அறிவு ஏட்டில் இல்லை, அவர்களது கையில் இருக்கிறது. அலுமினியச் சட்டி வந்தபின் அந்தக் கைகளும் குறைந்து வருகின்றன. கேட்டு எழுதி வைக்க நமக்கு இன்னும் கொஞ்சக் காலமே உண்டு.