சந்தா இணையதளத்திற்கு இடம் தேடுங்கால்

நம் சங்கத் திங்களிதழைச் சந்தாதாரர்கள் இணையத்திலும் படிக்க வழி செய்தல் வேண்டும் என்பது அன்பர் பலரின் விருப்பம். அதற்கு முதற்கண் வேண்டுவது, தளத்தின் கோப்புகளைத் தன் சர்வரில் வைத்துக் காக்கும் ஹோஸ்டிங் நிறுவனம். அதனைத் தேர்வதில் விழிப்பு வேண்டும்.

முதலாண்டுக் கட்டணத்தின் மலிவு கண்டு மயங்கலாகாது. புதுப்பிக்கும்போது அது பன்மடங்காவதுண்டு. தளத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்தல் நலம். நிறுவனத்தை மாற்ற நேரினும் முகவரி நம்முடையதாகவே இருக்கும்.

சந்தாதாரரின் கார்டு எண்ணை முழுமையாக நம் தளத்தில் சேமித்து வைத்தல் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அதனைத் தடை செய்துள்ளது. பணம் பெறும் பணியைப் பேமெண்ட் கேட்வேயிடம் ஒப்படைப்பதே முறை.

யாவற்றினும் தலையாயது நகல். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. நகலும் அக்கட்டடத்திலேயே இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

யார் எவ்வளவு செலுத்தினார், அவர் சந்தா எந்நாள் வரை என்பதற்கு அப்பட்டியலே சான்று. ஆதலின் வாரந்தோறும் அதன் நகலொன்றை நிறுவனத்திற்கு வெளியே, சங்கத்தின் பொறுப்பில் வைத்தல் வேண்டும். நம்பி முன்பணம் தந்தவர்க்கு நாம் ஆற்றும் கடமை அது.