மனச்சோர்வு மாத்திரையும் மதுவும்: மறைப்பதுதான் பெரிய ஆபத்து

மதுவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கப்பட்டபோது, அது மருந்தல்ல, நோயே என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இருந்தும் நம் வீடுகளிலும் சிலர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரகசியமாகக் குடிக்கிறார்கள்.

மது மூளையை மந்தமாக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கமும் தள்ளாட்டமும் கூடும், மூச்சும் தளரலாம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பலன் தரவே சில வாரங்கள் ஆகும். குடி அந்தப் பலனைக் கெடுத்து, தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடும்.

குடிப்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. திடீரென விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம். நெடுநாள் தினமும் குடித்தவர் மருத்துவர் துணையின்றிச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

வீட்டார் ஏசினால், அவர் மருத்துவரிடமும் மறைப்பார். உண்மை தெரிந்தால்தான் மருத்துவர் பொருத்தமான மாத்திரை தர முடியும். எனவே ஏசாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். வத்திராயிருப்பு பகுதியினர் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். டெலி மானஸ் இலவச எண் 14416இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. சிகிச்சை பெறுவதும் அந்த வாசலை நோக்கி நடப்பதுதான்.