எட்டு பெரிசா, நாலு பெரிசா?

மூணாங் கிளாஸ், நாலாங் கிளாஸ் படிக்கிற பிள்ளையிடம் 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். "எட்டுதானே பெரிசு! அதனால 1/8" என்று பளிச்சென்று பதில் வரும். அதட்டாதீர்கள், சகோதரிகளே! குழந்தை கீழே உள்ள எண்ணை மட்டும்தான் பார்க்கிறது.

ஒரே அளவில் இரண்டு தோசை வார்த்து, ஒன்றை நாலு துண்டாகவும் மற்றதை எட்டுத் துண்டாகவும் வெட்டுங்கள். துண்டுகள் சமமாக இருக்கணும்; இஷ்டத்துக்குப் பிய்த்தால் கணக்கு உதைக்கும். "எதிலேருந்து ஒரு துண்டு வேணும்?" என்று கேளுங்கள். கை தானாகக் கால் தோசைக்குப் போகும்! பங்கு கூடினால் துண்டு சிறுத்துவிடும் என்று அப்போது புரியும். அரைக்கால் துண்டு இரண்டைக் கால் துண்டின்மேல் அடுக்கச் சொல்லுங்கள். 2/8-ம் 1/4-ம் ஒன்றுதான்.

வீட்டில் பழைய படி, ஆழாக்கு இருந்தால் ரொம்ப விசேஷம். எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, அதாவது கால் படி. அரிசியை அளந்து விளையாடட்டுமே, சிந்தினால் பெருக்கிக் கொள்ளலாம்.