பூனைக்காலி விதையும் நடுக்குவாத மருந்தும்

வேலிகளிலும் காட்டோரங்களிலும் தானே படரும் பூனைக்காலிக் கொடியைக் குடியானவர்கள் அதன் சுணையைக் கொண்டே அறிவார்கள். காயின் சுணை மேலே பட்டால் அரிப்புத் தாங்க முடியாது. ஆகையால் கண்டவுடன் வெட்டியெறிவதே வழக்கம். ஆயினும் பார்க்கின்சன் வியாதி எனப்படும் நடுக்குவாதத்திற்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் முக்கிய மருந்தாகிய லெவோடோப்பா இக்கொடியின் விதையில் இயற்கையாகவே அடங்கியிருக்கிறது.

1937-ம் வருஷத்தில் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு இரசாயன ஆராய்ச்சியாளர் இவ்விதையினின்று இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நடுக்குவாதத்திற்கு அது மருந்தாகும் என்பது அப்பொழுது எவருக்கும் தெரியாது. இந்நோயாளரின் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் குன்றியிருப்பது 1960-ல் வியன்னா நகரில் கண்டறியப்பட்டது. டோப்பமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குள் செல்லாது. லெவோடோப்பாவோ உட்சென்று அங்கே டோப்பமினாக மாறும். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் வைத்தியர் அதனைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிக் கொடுத்து நல்ல பலன் கண்டார்.

வேலியில் சும்மா கிடைப்பதற்கு மாத்திரை வாங்கிப் பணம் செலவழிப்பானேன் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. லண்டனில் எட்டு நோயாளருக்கு 30 கிராம் விதைத்தூள் கொடுத்துப் பார்த்ததில், அது மாத்திரையைவிட விரைவாக வேலை செய்ததென 2004-ல் வெளியிட்டனர். ஆனால் பொலிவியா தேசத்தில் பதினான்கு பேர் தினந்தோறும் அதனை உட்கொள்ள முற்பட்டதில், வயிற்றுக் கோளாறாலும் அசைவு மோசமானதாலும் ஏழு பேர் நடுவில் நிறுத்திவிட்டனர். இது 2018-ல் வெளியான செய்தி. மாத்திரையில் கார்பிடோப்பா என்னும் துணை மருந்து சேர்ந்திருப்பதால் குறைந்த அளவே போதும், குமட்டலும் குறையும். விதையில் அத்துணை இல்லை. மேலும் விதையில் மருந்துச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 6 பாகம் வரை வேறுபடும். ஒரே 30 கிராம் தூளில் ஒரு கொடியின் விதை ஏறக்குறைய 1 கிராமும், மற்றொன்று 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் கொடுக்கும். கைப்பிடி அளவை நம்பி மருந்துண்பது எவ்வாறு?

மாத்திரை உண்டுவரும் நோயாளி அதைத் திடீரென்று நிறுத்தித் தூளுக்கு மாறினால் உடல் விறைத்துக் கடுஞ்சுரம் கண்டு உயிருக்கே அபாயம் நேரிடலாம். கிராம அதிகாரிகள் இதைத் தம் கிராமத்தாருக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். அளவை மாற்றுவது வைத்தியர் ஒருவரே செய்யத்தக்கது.

விற்பனைக்காகப் பயிரிட விரும்பும் மிராசுதாரர்கள், விதைக்கு முன்னரே வாங்குவோரிடம் விலையையும், சத்தைப் பரிசோதிக்கும் செலவு யாரைச் சார்ந்தது என்பதையும் எழுத்தில் பெறுவது உத்தமம். சுணையற்ற வகையும் உண்டு. அது பசுந்தாள் உரத்திற்கும் நிலத்தை மூடிக் களையை அடக்குவதற்கும் ஏற்றது. அறுவடையின்போது சுணை உள்ள வகையில் கையையும் முகத்தையும் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். மலைவாசிகள் இவ்விதையைப் பன்முறை வேகவைத்து, அந்நீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டே உண்பர். பச்சை விதையைக் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாக இடலாகாது.