கூலி வேலையும் மனச்சுமையும்

கால் முறிந்த ஒருவரை வேலைக்கு வா என்று யாரும் வற்புறுத்துவதில்லை. காய்ச்சல் என்றால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்கிறோம். ஆனால் மனம் உடைந்துபோய் பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நிற்பவரைக் கண்டால் "சோம்பேறி", "பிழைக்கத் தெரியாதவன்" என்று பேர் வைத்துவிடுகிறோம். சில வேளைகளில் அவரும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்கிறார். நிலத்தை இழந்து இன்று கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்த எண்ணத்தைக் கட்டாயம் ஆராய்ந்து பார்க்கவேண்டும். மனச்சோர்வுக்கான காரணங்களில் ஒரு பகுதி வேலை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஆகவே பரிகாரத்தின் ஒரு பகுதியையும் வேலைத்தளத்திலேயே தேடவேண்டும்.

நிலம் போனபின் என்ன போகிறது?

மலையகத்தில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்வது புதிய விடயமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல மலைச்சரிவுகளைக் குலைத்துவிட்டது. வீடு, பயிர், ஆடுமாடு என்று இழப்புகளைக் கணக்கெடுக்கிறோம். கணக்கில் வராத இன்னோர் இழப்பும் உண்டு.

கந்தப்பளையில் ஒரு புறம் தேயிலை மலை, மறு புறம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள். சொந்தப் பாத்தியில் வேலை செய்த ஒரு தகப்பனை நினைத்துப் பார்ப்போம். அவர் அப்போதும் விடியுமுன் எழும்பியவர்தான். பனியும் மழையும் அவரை விடவில்லை. விலை விழுந்தபோது கடன் பட்டார். ஆனாலும் எந்தப் பாத்தியில் எதை நடுவது, எப்போது மருந்தடிப்பது, எப்போது நிழலில் உட்காருவது என்பவற்றை அவரே தீர்மானித்தார். இன்று அவர் பிறருடைய பாத்தியில் நாட்கூலி. அவருடைய மனைவி கொழுந்து பறிக்கிறார். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தைக்கூட இன்னொருவரே தீர்மானிக்கிறார். உழைப்பு அதேதான், சில நாட்களில் குறைவாகவும் இருக்கலாம். களைப்போ இரட்டிப்பாக இருக்கிறது. இது ஏன்?

சுமையும் பிடியும்

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் தெளிவான விடை தந்திருக்கிறார்கள். 1979இல் அமெரிக்க ஆய்வாளரான ராபர்ட் கரசெக், வேலையின் சுமையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வேலையில் தொழிலாளிக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்று காட்டினார். பிடி என்றால் வேலையைப் பற்றித் தானும் தீர்மானிக்கும் வாய்ப்பு. சுமை கூடியும் பிடி குறைந்தும் உள்ள வேலைதான் மனத்தையும் உடலையும் அதிகம் வருத்துகிறது.

இலண்டனில் அரச ஊழியர்களிடையே 1967இலும் மீண்டும் 1985இலும் தொடங்கப்பட்ட பெரிய ஆய்வுகளும் இதனையே உணர்த்தின. பெரும் பொறுப்புகளைச் சுமக்கும் மேலதிகாரிகளுக்கே இருதய நோய் அதிகம் என்று பலர் நினைத்திருந்தனர். அடிமட்ட ஊழியர்களிடையேதான் அது அதிகமாகக் காணப்பட்டது. அதற்குரிய காரணங்களில் ஒன்றாக, வேலையில் தமக்கென்று பிடி இல்லாமையை மைக்கல் மார்மட் முதலான ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

ஆகவே சொந்த நிலத்தில் நிமிர்ந்து நின்றவர் பிறர் நிலத்தில் சோர்ந்துபோனால், அவர் மாறிவிட்டார் என்று சொல்லவேண்டாம். அவருடைய கையில் இருந்த பிடி போய்விட்டது.

மலையில் மனத்தை அழுத்துபவை

தேயிலை மலையில் இதனை நாள்தோறும் காணலாம். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட பின்னர், பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பறிக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர். மழை இல்லாமல் கொழுந்து குறைந்தாலும் அதன் பாரம் பறிப்பவரின் தலையில் விழுகிறது. தன்னால் மாற்றமுடியாத ஒன்றுக்குத் தானே தண்டனை பெறுவது மனிதருடைய மனத்தை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

இதனோடு வேறு பலவும் சேர்கின்றன. நிறுவையில் சந்தேகம். பலர் முன்னிலையில் பெயர் சொல்லி ஏசுதல். குளவிக் கொட்டுப் பற்றிய பயம். மலையில் மலசலகூடம் இல்லாமையால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மேற்பார்வை செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அங்கே கேட்கும் சொற்களையும் படும் தொந்தரவுகளையும் வீட்டில் சொல்லமுடியாமல் விழுங்குபவர்கள் உண்டு. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கோ "வந்தான் வரத்தான்" என்ற பேச்சு வேறு.

அடையாளம் காண்போம்

எமது மக்கள் "மனசு சரியில்லை" என்று எளிதில் சொல்லமாட்டார்கள். உடம்பு உளைச்சல், தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு என்றே சொல்வார்கள். தூக்கம் கெடுதல், சாப்பாட்டில் விருப்பமின்மை, சிறிய விடயத்துக்கும் எரிந்து விழுதல், கோயில் குளம், கல்யாணம் காட்சி என்று எங்கும் போகாமல் ஒதுங்குதல், முன்பு இல்லாத அளவுக்குக் குடித்தல், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவை கவனிக்கவேண்டிய அடையாளங்கள். பேரிழப்புக்குப் பின் சில நாட்கள் அழுவதும் தூங்காதிருப்பதும் இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேலாக இவை தொடர்ந்து, வேலையும் வீடும் பாதிக்கப்படுமானால் வைத்தியரிடம் போவதே முறை. "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது. அன்றே செயற்படவேண்டும்.

வேலை கொடுப்போர் செய்யக்கூடியவை

உலக சுகாதார ஸ்தாபனம் வேலைத்தள மனநலம் பற்றி 2022 செப்டெம்பரில் வழிகாட்டிகளை வெளியிட்டது. மனச்சோர்வினாலும் பதகளிப்பினாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுகின்றன என்று அது கணக்கிட்டுள்ளது. தொழிலாளிக்கு ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடாமல் வேலை நிலைமைகளையே திருத்தவேண்டும் என்றும், மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. எமது மலையில் இதன் பொருள் என்ன?

முதலாவது, நிறுவையும் கணக்கும் யாவரும் காணும்படி நடக்கட்டும். சந்தேகம் நீங்கினாலே பாதிச் சுமை இறங்கும். இரண்டாவது, கொழுந்து குறைந்த காலத்தில் கிலோவைப் பற்றித் தொழிலாளரோடு முன்கூட்டியே பேசவேண்டும். மூன்றாவது, தவறைச் சொல்லவேண்டுமானால் தனியாக அழைத்துச் சொல்லலாம். இதற்குக் காசு செலவில்லை. நான்காவது, ஒதுக்கமான மலசலகூடமும் குடிதண்ணீரும் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும் வேண்டும். ஐந்தாவது, சுகமில்லாமல் நின்றவர் திரும்பி வரும்போது சில நாட்களுக்கு இலகுவான வேலை கொடுக்கவேண்டும்.

ஆறாவதாக, சிறு தீர்மானங்களைத் தொழிலாளரிடம் விடலாம். எந்த நிரையில் தொடங்குவது, யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது, தேத்தண்ணிக்கு எப்போது நிற்பது என்பவற்றை அவர்களே முடிவு செய்தால் தோட்டம் குடிமுழுகிப் போகாது. மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர், தம்மிடம் கூலிக்கு வரும் பழைய விவசாயியிடம் "இந்தப் பாத்திக்கு என்ன செய்யலாம், அண்ணே?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அவருக்கு மண்ணைத் தெரியும். கேட்பவருக்கும் அது இலாபம்.

இன்று கூலிக்குப் போகும் எம்மில் சிலர் நாளை கங்காணியாகலாம், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கலாம். அப்போதும் இவற்றை மறக்கக்கூடாது.

பூச்சிமருந்து: ஓர் எச்சரிக்கை

மரக்கறிச் செய்கையில் பூச்சிமருந்து வேலைக்கருவி. வேதனை மிகுந்த வேளையில் அதுவே உயிருக்கு ஆபத்தாகிறது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. 1995இலும் 1998இலும் 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய மருந்துகள் பல படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன்பின் இந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மக்களின் துன்பங்கள் அக்காலத்தில் தீர்ந்துவிடவில்லை, யுத்தமும் 2009 வரை நடந்தது. ஆயினும் பல உயிர்கள் தப்பின. வேதனையின் உச்சநேரம் பலருக்குக் குறுகியது. அந்த நேரத்தில் கொடிய மருந்து கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும், உதவியும் வந்து சேரும்.

மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதுமா? அனுராதபுர மாவட்டக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி பெட்டிகளால் நஞ்சருந்துதல் குறையவில்லை. ஆகவே மருந்தை வீட்டில் வைக்காதிருப்பதே நல்லது. தேவையான அளவு மட்டும் வாங்குவோம். வேலை கொடுப்போர் மருந்தைக் குடியிருப்புக்கு அப்பால் தம் பொறுப்பில் வைத்திருக்கவேண்டும். மிஞ்சியதைக் கூலியாள் கையில் கொடுத்து அனுப்பக்கூடாது.

இன்னொன்றையும் யாவரும் அறிந்திருக்கவேண்டும். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமன்று. பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் யாரும் தாமதிக்கவேண்டாம்.

அருகிலிருப்போர் செய்யக்கூடியவை

"உங்களுக்கு என்ன செய்கிறது, அக்கா?" என்று கேட்டு, புத்தி சொல்லாமல் காது கொடுப்பதே முதல் உதவி. சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. மனம் திறக்கவே அது உதவும். அப்படிச் சொன்னவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தொலைபேசியில் பேசலாம், தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பிடமும் மனம் விட்டுப் பேசலாம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகும்போது ஒருவர் துணைக்குப் போங்கள். வைத்தியர் தரும் மருந்தை இடையில் நிறுத்தவேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். ஆறுதல் வார்த்தை காணி உறுதிக்கு ஈடாகாது. மனத்தைத் தேற்றுவதாகச் சொல்லி, பாதுகாப்பான நிலத்தையும் நியாயமான சம்பளத்தையும் மக்கள் கேட்காதபடி செய்வது உதவியன்று. தமக்கு உரியதைச் சேர்ந்து நின்று கேட்பவர்கள் இழந்த பிடியில் ஒரு பகுதியை அப்போதே திரும்பப் பெறுகிறார்கள். ஆனால் கேட்பதற்கு அவர்கள் உயிரோடும் திடத்தோடும் இருக்கவேண்டும். அதற்காகவே ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வோம்.

குழுவாகக் கலந்து பேச:

1. எமது வேலைத்தளத்தில் மனத்தை அதிகம் அழுத்துவது எது? அதனை யாரிடம் எடுத்துச் சொல்லலாம்?
2. பணச் செலவின்றி இந்த மாதமே மாற்றக்கூடிய ஒன்று எது?
3. எமது லயத்தில், முகாமில் அண்மையில் ஒதுங்கிப்போனவர் யார்? அவரைப் பார்க்க யார் போவது?